நட்டு போல்ட் தெரியாத மேடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. நான் இந்த ரோட்டுல இருபத்திமூணு வருசமாப் போய் வாரேன், பாக்காத காட்சி ஒண்ணும் இல்ல. நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு. பேச ஆளில்லாம பஸ்ஸுல உக்காந்தா எனக்குத் தலைவலி வந்துரும்.

அந்தா, வலது கைப்பக்கம் பாருங்க. கரண்டு எடுக்குத பழைய சின்னக் காத்தாடிகளுக்குப் பின்னால, நல்லா ஒசரமா, வெள்ளையா. எண்ணிப் பாருங்க, ஏழு இருக்கும். அந்த ஏழும் நான் நட்டது. நான்னா, நான் மட்டும் இல்ல, எழுவது பேரு சேந்து நட்டது. ஆனா போல்ட்டு இறுக்கம் சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். என் பேரு பரமார்த்தலிங்கம். சைட்டுல லிங்கம் சார்னு கூப்பிடுவாங்க.

ஒரு கேள்வி கேக்கேன், நியாயமாப் பதில் சொல்லுங்க. காத்தாடி நடுத வேலைக்கு, நட்டு எது போல்ட்டு எதுன்னு தெரியாத ஒரு ஆளப் புராஜெக்ட் மேனேஜராப் போடலாமா? போடலாமா, கூடாதா?

சிரிக்கிய. நானும் அப்ப சிரிச்சேன்.

இப்ப நான் சொல்லுதது போன தை மாசம் ஆரம்பிச்சது. பழைய மேனேஜர் வேலைய விட்டுட்டு துபாய் போயிட்டாரு. அடுத்து யாரு? நானா சொல்லல அண்ணாச்சி, சைட்டே சொல்லிச்சு, லிங்கம் சார்தான்னு. எம் பொஞ்சாதி வள்ளிமயில் அவ தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. தங்கச்சி ஊருக்கே சொல்லிட்டா. நான் ஒரு புதுச் சட்டை தச்சேன், நீலம். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆர்டர் வரும் வரும்னு ஆபீஸ் கொட்டகையில உக்காந்திருந்தா, ஜீப்புல இருந்து ஒரு பொம்பள இறங்குதாங்க. காட்டன் சேலை, கையில ஒரு நோட்டு, கால்ல ரப்பர் செருப்பு.

"வணக்கம். நான் பியூலா தங்கபுஷ்பம். புது மேனேஜர். லிங்கம் சார் யாரு?"

சொந்த ஊரு நாசரேத்துப் பக்கம். நாப்பத்தி நாலு வயசு. முன்னாடி என்ன வேலைங்கிய? ஆஸ்பத்திரி! ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பதினொரு வருசம் நிர்வாகம். காத்தாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? ஆஸ்பத்திரியில ஃபேன் சுத்தும், அவ்வளவுதான்.

முதல் நாள் என்னக் கூட்டிக்கிட்டு சைட் முழுக்க நடந்தாங்க. நடந்து முடிச்சு, டீ குடிச்சிட்டு இருக்கும்போது எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க. "சார், இந்த றெக்கை எந்தப் பக்கமா சுத்தும்? வலமா, இடமா?"

எனக்கு டீ மூக்கு வழியா வந்துட்டு. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சைட்டுல ஒரு ஆளு பாக்கியில்லாம சொல்லிட்டேன். சமையல்காரருக்குக்கூடச் சொன்னேன். சமையல்காரர் யோசிச்சுப் பாத்துட்டு, "எந்தப் பக்கம் சார் சுத்தும்?"ன்னாரு. அவருக்கும் தெரியல. அவரு தெரியாம இருக்கலாம், அவரு மேனேஜர் இல்லல்லா?

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தம்மா கேக்குததுக்கெல்லாம் பதில் சொல்லுவேன். ஆனா புரியும்படியாச் சொல்ல மாட்டேன். மூணே நாள்ல ஓடிருவாங்க.

அப்படியே செஞ்சேன். டவர் அடிவாரத்துல போல்ட்டு இறுக்குதோம், இது என்ன சார்னு கேட்டாங்க. நான் டார்க்குன்னேன், டென்ஷன்னேன், கணக்குப் பாடப் புத்தகத்துல இருக்கிற எல்லாத்தையும் எடுத்து விட்டேன். கேட்டுட்டு, "புரியல சார், இன்னொரு தடவை"ன்னாங்க. மறுபடி சொன்னேன். "புரியல சார்." ஏழு தடவை அண்ணாச்சி! வெக்கம் உள்ள ஆளா இருந்தா ரெண்டாவது தடவையே தலைய ஆட்டிட்டுப் போயிருப்பாங்க. நம்ம பழைய மேனேஜர் அப்படித்தான், எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவாரு. என்ன மரியாதையான மனுசன்! இந்தம்மாவுக்கு அந்த வெக்கமே கிடையாது. ஏழாவது தடவை எனக்கே அலுத்துப் போயி, "மேடம், ஈரத்துணியப் பிழியுத மாதிரி. கம்மியாப் பிழிஞ்சா தண்ணி நிக்கும், அதிகமாப் பிழிஞ்சா துணி கிழிஞ்சிரும். எவ்வளவு பிழியணும்னு சொல்லுததுக்குத்தான் இந்த மிஷின்"ன்னுட்டேன். "ஆங், இப்பப் புரிஞ்சுது"ன்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் புதுசா வார வேலையாளுக்கெல்லாம் நானும் அந்த ஈரத்துணியத்தான் சொல்லுதேன். சீக்கிரம் புரியுது. அது என் உதாரணம்லா, அவங்களுது இல்ல.

சரி, விசயத்துக்கு வாரேன். வேலையோட அவசரம் என்னன்னா, காத்தாடிய நடுததுக்குக் காத்து இருக்கக்கூடாது. வேடிக்கையா இருக்குல்லா? சுத்துததுக்குக் காத்து வேணும், நடுததுக்குக் காத்து ஆகாது. மே மாசம் பிறந்தா ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா ஒரு காத்து வரும் பாருங்க, ஆளத் தள்ளிட்டுப் போயிரும். அதுக்கு முன்னாடி, சித்திரை பாதிக்குள்ள ஏழும் நின்னாகணும். இல்லன்னா ஐப்பசி வரைக்கும் சும்மா உக்காரணும். அத்தன பெரிய கிரேன், அத்தன ஆளு, எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போயிரும். அப்படிப் போனா கம்பெனி இந்த சைட்டயே கைகழுவிரும்னு ஒரு பேச்சு இருந்துது. எழுவது குடும்பம் அண்ணாச்சி.

மாசி மாசம் ஒரு மீட்டிங். மேடம் சொல்லுதாங்க, "டிரெய்லர் முன்னாடியே கிடைக்குது. றெக்கைகளை முதல்ல கொண்டு வந்துரலாமா? யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?"ன்னு. எனக்குத் தெரியும். அந்த நீளமான றெக்கை, ஒவ்வொண்ணும் இருநூறு அடி, வந்தா எங்க போடுவீங்க? காலியாக் கிடக்கிற இடம் ஒண்ணுதான். அது கிரேனோட கைய நீட்டிப் படுக்க வச்சுக் கோக்குத இடம். றெக்கை அங்க படுத்தா கிரேன் எந்திரிக்க முடியாது. இது காத்தாடி வேலை பாத்தவன் யாருக்கும் தெரியும். நான் மேல பாத்தேன், கீழ பாத்தேன், "நீங்க சொன்னா சரிதான் மேடம்"ன்னேன்.

றெக்கை வந்துது. படுத்துது. கிரேன் நின்னுது. நகட்டிப் போட அஞ்சு நாள்.

மேடம் வந்தாங்க எங்கிட்ட. கத்துவாங்கன்னு நினைச்சு நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். கத்தல.

"சார், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"பிரச்சினை இருக்கான்னு கேட்டனே?"

"பொதுவாக் கேட்டீங்க."

"சரிதான். நான் கேட்ட விதம் தப்பு"ன்னுட்டுப் போயிட்டாங்க. கம்பெனி டைரக்டருக்கு எழுதின மெயில எனக்கும் அனுப்பியிருந்தாங்க. என்ன எழுதியிருக்குங்கிய? 'இந்த அஞ்சு நாள் தாமதத்துக்கு நானே பொறுப்பு. எனக்கு இந்தத் தொழில் தெரியாததால நடந்த தவறு.' எம் பேரு ஒரு இடத்துலயும் இல்ல. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் திட்டம் போட்டுச் செஞ்சது, அதையும் தம் பேருல எழுதிக்கிட்டாங்க! ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்புறம்தான் கேள்விய மாத்தினாங்க. அடுத்த மீட்டிங்ல, பிரச்சினை இருக்கான்னு கேக்கவே இல்ல. என்னப் பாத்து, "லிங்கம் சார், இந்த வாரம் நாம போட்டிருக்கிற திட்டம் நாசமாப் போகணும்னா எந்த வழியாப் போகும்?"ன்னாங்க.

அண்ணாச்சி, அப்படி ஒரு கேள்விய இருபத்திமூணு வருசத்துல ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல. எனக்கு வாய் நிக்கல. கிரேன் நிக்கிற மண்ணு செம்மண்ணு, ஒரு மழை பெஞ்சா உள்வாங்கும்னேன். போல்ட்டுப் பெட்டி திறந்து கிடக்கு, கடல் காத்து பட்டா துருப் பிடிக்கும்னேன். ரெண்டாவது டவர் துண்டோட வட்டம் கோணியிருக்குன்னு எனக்குச் சந்தேகம்னேன். நாப்பத்தோரு வழி சொன்னேன். டீ ரெண்டு ரவுண்டு வந்துட்டுப் போயிட்டு. அவங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. மறுநாள் பாத்தா நாப்பத்தோரு வேலையும் நாப்பத்தோரு ஆளு பேருல சுவத்துல ஒட்டியிருக்கு. எல்லாம் நான் சொன்னது! எழுதி ஒட்டினது மட்டும்தான் அவங்க.

பங்குனி பாதியில நாலு காத்தாடி நின்னுட்டு. அப்ப மேடத்துக்கு அம்மை போட்டுட்டு. மகளுக்கு வந்து, அவகிட்ட இருந்து இவங்களுக்கு. பன்னெண்டு நாள் வர முடியாது. பொறுப்பு யாருக்கு? இந்தப் பரமார்த்தலிங்கத்துக்கு. நீலச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு அந்த நாற்காலியில போய் உக்காந்தேன். நல்ல நாற்காலி. ஆனா ரெண்டு மணி நேரம்தான் உக்காந்தேன்.

ஏன்னா நாலாவது காத்தாடியில ஒரு சத்தம். காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமாத் தலையத் திருப்புத எந்திரம் ஒண்ணு உச்சியில இருக்கு. திருப்பும்போது 'க்றீச்'னு ஒரு சத்தம். மிஷின் கம்பெனியில இருந்து ரெண்டு பேரு வந்து பாத்துட்டு, கைய விரிச்சிட்டுப் போயிட்டாங்க. நானூறு அடி மேல ஏறினேன். ஏறினா இறங்க மனசு வருமா? காலையில ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். போன் அங்க எடுக்காது, எடுத்தாலும் சத்தத்துல கேக்காது. ஒன்பதாவது நாள் கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி! ஒரு பல்லுச் சக்கரத்துக்கு அடியில மயிரிழை கனத்துக்கு ஒரு இரும்புச் சுருள். எடுத்துப் போட்டதும், தலை திரும்புது, வெண்ணெய் மாதிரி. அந்த நிமிசம் அங்க நின்னு நான் தனியாக் கைதட்டினேன்.

கீழ சின்னச் சின்னதா சில விசயம் நடந்திருந்துது. பெருசா ஒண்ணும் இல்ல. டவர் துண்டு ஏத்திட்டு வந்த டிரெய்லரு கருங்காட்டுவிளை ஊரு முக்குல திரும்பணும்னா, கரண்டு ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து ஒயரக் கழட்டணும். மேடம் முந்தின நாளே அந்த லைன்மேனுக்குப் போன் பண்ணுவாங்களாம். எனக்கு அது தெரியாது. டிரெய்லரு முக்குல மூணு நாள் நின்னுட்டு. ஊருக்குள்ள பஸ் போகல. ஜனங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க. அப்புறம் தூக்கும்போது றெக்கை ஆடாமக் கயிறு பிடிக்கிற ஆளுங்க எல்லாம் ஜார்க்கண்டுக்காரங்க. அவங்களுக்கு ரொட்டி போட மேடம் கோதுமை மாவு வரவச்சிருந்தாங்க. அது தீந்துபோச்சு. சமையல்காரர் எங்கூருச் சிவப்பரிசிச் சோத்தப் போட, அத்தன பேருக்கும் வயித்துப்போக்கு. நான் இன்ஜினியர் அண்ணாச்சி, மாவு இருக்கா இல்லையான்னு நானா பாக்க முடியும்?

கிரேன் ஓட்டுத மாதேஸ்வரன், மேட்டூர்க்காரரு, தங்கமான மனுசன், கேபினப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டு உக்காந்துட்டாரு. "ஏனுங்க சார், பசங்கெல்லாம் வயித்தப் புடிச்சுட்டு ஒதுங்கறதுக்கே நேரஞ் செரியா இருக்குதுங்க. கயிறு யாருங்க புடிக்கறது?"ன்னு கேட்டாரு. நான் அப்பத்தான் மேல இருந்து இறங்கியிருந்தேன், சந்தோசத்துல இருந்தேன். "மாதேஸ்வரன், சத்தம் போயிட்டு!"ன்னேன். அவரு என்ன ஒரு மாதிரிப் பாத்தாரு.

மேடம் தெனம் சாயங்காலம் போன் பண்ணுவாங்க. "எத்தன ஏறிச்சு சார்?" "கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சாச்சு மேடம்." மறுநாள், "எத்தன சார்?" "சத்தம் எங்கன்னு தெரிஞ்சு போச்சு மேடம்." பன்னெண்டு நாள்ல எத்தனன்னு கேக்கியளா? ஏறல. ஒண்ணும் ஏறல. ஆனா நாலாவது காத்தாடி மாதிரி ஒரு காத்தாடி இந்த மாவட்டத்துலயே கிடையாது.

மேடம் வந்தாங்க, முகத்துல அம்மைத் தழும்போட. ஆபீசுக்கு வரல, நேரா அந்த முக்குக்குப் போனாங்க. ஊருக்காரங்ககிட்டக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாங்க. லைன்மேன் அரை மணி நேரத்துல வந்தாரு. மத்தியானம் மாவு வந்துது. சாயங்காலம் மாதேஸ்வரன் கேபினத் திறந்துட்டாரு. அப்புறம் எங்கிட்ட வந்தாங்க.

"கம்பெனிக்காரங்களே கண்டுபிடிக்காதத நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களாமே சார். மேல கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க."

நானூறு அடி ஏறி வந்தாங்க. லிப்டுதான், ஆனாலும் பயம் இருக்கும்லா. அந்தச் சுருளக் கையில வாங்கிப் பாத்தாங்க. "இத்தினிக்கூண்டா!"ன்னாங்க. வேற ஒரு வார்த்தை கேக்கல. கெட்டிக்காரி. என்னத்தக் கேக்க முடியும்? சத்தம்தான் போயிட்டே.

இனிமேத்தான் கதையே. மூணு பாக்கி. ஏப்ரல் பிறந்துட்டு. இந்த வருசம் காத்து முந்திக்கிட்டு. காலையில ஒம்பது மணிக்கு வேலை ஆரம்பிச்சா, பத்துக்கெல்லாம் காத்து வேகம் காட்டுத மீட்டரு எட்டைத் தாண்டிரும். எட்டுக்கு மேல போனா தூக்கக்கூடாது, அது சட்டம். ஆறு நாள் கிரேன் சும்மா நின்னுது. நான் சொல்லிட்டேன், "மேடம், முடிஞ்சுது. ஐப்பசிக்குப் பாப்போம்." தொழில் தெரிஞ்சவன் சொல்லுதேன், கேட்டுக்கிடணும்லா? கேட்டுட்டு, மாதேஸ்வரன் பக்கம் திரும்புதாங்க.

"நீங்க எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"மூணரைக்குங்க மேடம். பழக்கமாயிருச்சுங்க. டீயக் குடிச்சுட்டு சும்மா கேபின்ல ஏறி உக்காந்துக்குவேன்."

"அப்ப காத்து எப்படி இருக்கும்?"

"ஒரு எல அசையாதுங்க. அஞ்சு மணியிலயிருந்து எட்டு வரைக்கும் சும்மா கம்முனு கெடக்குமுங்க."

"அப்புறம் ஏன் ஒம்பது மணிக்கு ஆரம்பிக்கோம்?"

எல்லாரும் என்னப் பாக்காங்க. ஏன் என்னப் பாக்காங்க? காலையில சோதனை பண்ணிக் கையெழுத்துப் போடுதது நானு. நான் நாகர்கோவில்ல குளிச்சு, சாமி கும்பிட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, ஏழே முக்காலுக்கு ஜீப்புல ஏறினா எட்டே முக்காலுக்குத்தான் வர முடியும். இது இருபத்திமூணு வருசமா நடக்குத ஏற்பாடு. எல்லா சைட்டுலயும் ஒம்பதுதான்.

"காத்து நம்ம இட்லிக்குக் காத்திருக்குமா சார்?"ன்னாங்க மேடம். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. மாதேஸ்வரன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

மறுநாள்ல இருந்து சைட்டுலயே எனக்கு ஒரு கட்டில். விடியக்காலம் நாலரைக்கு இட்லி வந்துரும், சுடச்சுட, நாலு. ஆஸ்பத்திரியில காலை ஆறு மணி ஆபரேசனுக்கு நாலு மணிக்கே எல்லாத்தையும் தயார் பண்ணிப் பழகினவங்களாம். "நான் கத்தியத் தொட்டது கிடையாது சார். ஆனா டாக்டர் கை நீட்டும்போது கத்தி இல்லன்னு ஒரு நாள் இருந்ததில்ல"ன்னு சொன்னாங்க. ரெண்டு காத்தாடி எட்டு நாள்ல நின்னுது. விடியக்காலம் வேலை பாத்தா எவ்வளவு சுகம்னு நான்தான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்லுதேன்.

கடைசிக் காத்தாடி. ஏப்ரல் இருபத்தெட்டு. டவரு நின்னுட்டு, உச்சியில எந்திரப் பெட்டியும் வச்சாச்சு. மூணு றெக்கையையும் தரையிலயே கோத்து, பெரிய பூ மாதிரி விரிச்சு வச்சிருக்கு. அத மொத்தமாத் தூக்கி மாட்டணும், அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ஒரு கொக்கி சரியா உக்காராம லேட்டாயிட்டு. மணி ஏழே முக்கால். மீட்டரு ஏழரை காட்டுது. எட்டுக்குக் கீழதான். சட்டப்படி தூக்கலாம்.

டைரக்டர் போன்ல இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கு. மறுநாள் மத்தியானம் சென்னையில ஏதோ பெரிய ஆளுங்க கூட்டமாம், அதுல ஏழும் முடிஞ்சுதுன்னு சொல்லணுமாம். "ஏழரைதானே? தூக்குங்க!"ன்னு சொல்லுதாரு.

மேடம் என்னப் பாத்தாங்க. "லிங்கம் சார், தூக்கலாமா?"

றெக்கை முனையில கட்டின கயித்த ஜார்க்கண்டுப் பயலுவ இறுக்கிப் பிடிச்சிருக்கானுவ. நான் போயி ஒரு கயித்துல கை வச்சேன். அதிருது. நிக்குது. அதிருது. நிக்குத நேரம் வரவரக் குறையுது. மீட்டர்ல அது வராது அண்ணாச்சி. மீட்டரு நம்பரத்தான் காட்டும்.

"வேண்டாம் மேடம்"ன்னேன்.

டைரக்டருக்குக் கேட்டுட்டு. "மீட்டர் ஏழரை காட்டுது, அவரு என்ன வேண்டாங்காரு? பியூலா, நீங்க மேனேஜர். தூக்கச் சொல்லுங்க."

"லிங்கம் சார் வேண்டாம்னுட்டாரு சார்."

"உங்களுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அதனாலதான் தெரிஞ்சவரு சொல்லுததக் கேக்கேன். இன்னைக்குத் தூக்கல. நாளைக்கு அஞ்சு மணிக்குப் பாப்போம்." சொல்லிட்டு போன வச்சிட்டாங்க. டைரக்டர் பேசிக்கிட்டு இருக்கும்போதே! "வேலை போயிருமோ சார்?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

பூவ மறுபடியும் தரையோட இறுக்கிக் கட்டச் சொன்னேன். கட்டி முடிச்சு இருவது நிமிசம் இருக்கும். வந்துது பாருங்க ஒரு காத்து. ஆபீஸ் கொட்டகைத் தகரம் ரெண்டு பறந்துட்டு. மாவு மூட்டை உருளுது. மீட்டரு பதினாறு. மாதேஸ்வரன் கேபின்ல இருந்து இறங்கி வந்து, என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. அந்தப் பூ மட்டும் அந்த நேரத்துல அந்தரத்துல இருந்திருந்தா, கிரேனும் விழும், கயிறு பிடிச்ச பயலுவளும் இருக்க மாட்டானுவ.

இப்பச் சொல்லுங்க. தொழில் தெரிஞ்ச ஆளு வேணுமா வேண்டாமா? அதத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்லுதேன்!

மறுநாள் அஞ்சே காலுக்குத் தூக்கினோம். ஏழு மணிக்குள்ள மாட்டியாச்சு. ஒரு இலை அசையல. மேடம் சேலைத்தலைப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாங்க. தூசி விழுந்துட்டாம். எனக்கும் விழுந்துட்டு. சென்னைக் கூட்டம் மத்தியானம்தானே, டைரக்டர் அங்க நல்லாத்தான் பேசியிருக்காரு.

ஒரு வாரம் கழிச்சு அவரே எனக்குப் போன் பண்ணினாரு. கயத்தாத்துப் பக்கம் அடுத்த சைட்டு, பதினாலு காத்தாடி. நீங்கதான் மேனேஜர், பியூலாவும் உங்களத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்கன்னாரு. வள்ளிமயிலு தங்கச்சிக்குப் போன் போட்டுட்டா.

நான் ரெண்டு நாள் யோசிச்சேன். என்ன யோசிச்சேன்னா, அந்த இருபத்தெட்டாம் தேதிய யோசிச்சேன். அன்னைக்கு நான் மேனேஜரா இருந்து, அந்த போன் என் கையில இருந்து, நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு, டைரக்டர் தூக்குங்காரு, மீட்டரு ஏழரைங்குது, கடைசிக் காத்தாடி. நான் போயிக் கயித்துல கை வச்சிருப்பனா? தெரியல அண்ணாச்சி. தூக்கியிருப்பேன்னுதான் தோணுது. இத நான் வள்ளிமயிலுகிட்டக்கூடச் சொல்லல. நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்லுதேன்.

சரி, அத விடுங்க. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். மேடமே இருக்கட்டும், நான் தொழில் பக்கம் பாத்துக்கிடுதேன்னு. வள்ளிமயிலு மூணு நாள் பேசல. அவளுக்கு என்ன தெரியும், நான் இல்லாம அந்தம்மா பதினாலு காத்தாடிய எப்படிச் சமாளிப்பாங்க? யாரு அவங்களுக்கு ஏழு தடவை சொல்லிக் கொடுக்குதது? இன்னைக்குத்தான் அங்க முதல் நாள். அதான் இந்தப் பயணம்.

நேத்து போன் பண்ணியிருந்தாங்க. "லிங்கம் சார், மேனேஜர் வேலைய ஏன் வேண்டாம்னீங்க?"ன்னு கேட்டாங்க.

"நீங்க தனியாக் கஷ்டப்படுவீங்கள்லா மேடம், அதான்"ன்னேன்.

"ரொம்ப நன்றி சார். நான் அதத்தான் நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன்"ன்னாங்க. சொல்லும்போது சிரிப்ப அடக்குத மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. கயத்தாத்துப் பக்கம் சிக்னல் அவ்வளவு நல்லா இருக்காது அண்ணாச்சி.